ஒரு பெட்டிக்கு ஒரே கை

தொண்டியிலிருந்து போன் வந்தபோது அமீரகத்து அல் அய்னில் காலை மணி பத்தரை. துப்பாக்கி சுடும் கிளப்பின் பட்டறையில் பொன்னுச்சாமி புளி கரைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் புளி. மேசைமேல் இருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. முழங்கையால் அதைத் தடுத்து, சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

“பொன்னுச்சாமி அண்ணனா? நான் சுஐபு. அஸ்மத் பீவியோட தம்பி. அலாவுதீன் மச்சான் வீட்லருந்து பேசுறேன்.”

கூட வேலை பார்க்கும் செய்கு அலாவுதீன் லீவில் ஊருக்குப் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. ஏதோ சாமானை ரூமில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதைத் தேடச் சொல்லத்தான் மச்சினனைப் பேசவிட்டிருக்கிறார் என்று பொன்னுச்சாமி நினைத்தார்.

“சொல்லு தம்பி. என்னத்த மறந்துட்டுப் போனாரு உங்க மச்சான்?”

“மச்சான் மௌத்தாயிட்டாகண்ணே. சுபுஹு தொழுதுட்டு வந்து உக்காந்தாக. டீ கேட்டாக. அக்கா டீயக் கொண்டாந்து வைக்கிறதுக்குள்ள போயிட்டாக.”

பொன்னுச்சாமி சட்டியில் கையை வைத்தபடியே நின்றார். சுஐபு அழவில்லை. அழுது முடித்துவிட்டுப் போனை எடுத்தவன் மாதிரி, செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வருகிறவனின் குரல் அது.

“மதியம் லுஹர் தொழுதுட்டு அடக்கம். அதுக்கு முந்தி இதக் கேக்கணும்ல, அதான் கூப்ட்டேன். அங்க யாருக்காச்சும் மச்சான் எதுவும் பாக்கி வச்சிருந்தாகன்னா சொல்லுங்க. பணந்தான்னு இல்ல, செஞ்சு தாறேன்னு வாக்குக் குடுத்துட்டுச் செய்யாம விட்டது இருந்தாலும் சரி. பள்ளிவாசல்ல வச்சு நாங்க பொறுப்பு ஏத்துக்கிடுவோம்.”

“பாக்கியா?” என்றார் பொன்னுச்சாமி. “அவருக்கா? ஒண்ணுமில்ல தம்பி. எனக்குத்தான் அவருகிட்ட…”

சுஐபு சற்றுப் பொறுத்துப் பார்த்தான். “சரிண்ணே, ஞாபகம் வந்தாக் கூப்பிடுங்க” என்று வைத்துவிட்டான்.

பொன்னுச்சாமி கையைக் கழுவினார். பிறகு, எதற்கென்று தெரியாமல், மறுபடியும் கழுவினார்.

அந்தப் பட்டறையில் நடக்கும் வேலையை ஊரில் யாருக்கும் பொன்னுச்சாமி, அலாவுதீன் இரண்டு பேராலும் சரியாக விளங்கவைக்க முடிந்ததில்லை. துப்பாக்கி சுட்டு முடித்ததும் தோட்டாவில் மிஞ்சுவது ஒரு வெற்றுப் பித்தளைக் கூடு. கிளப்பில் அதற்குப் பெயர் கேஸ். சாதாரணமாகச் சுடுகிறவர்கள் அதை விட்டெறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். போட்டிக்குச் சுடுகிறவர்கள் அப்படி விடுவதில்லை. தங்கள் துப்பாக்கிக்குப் பழகின கேஸைப் பொறுக்கி எடுத்து, கழுவி, கழுத்தை நேராக்கி, நீளம் சரிபார்த்து, திரும்பவும் மருந்து நிரப்பச் சொல்வார்கள். மருந்து நிரப்புவது வேறு அறை, வேறு ஆள். அந்த அறையின் சாவி இவர்களிடம் கிடையாது. வெற்றுக் கூட்டை ஒன்றுபோல ஆக்கிக் கொடுப்பதோடு இவர்கள் வேலை கலாஸ். ஒரு பெட்டியில் இருக்கும் கேஸ் எல்லாம் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் நீண்டிருந்தால், ஒன்றின் வாய் கொஞ்சம் இறுகியிருந்தால், முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

“பித்தள வெளக்குற வேல” என்றுதான் பொன்னுச்சாமியின் மனைவி சரோஜா தெருவில் சொல்லி வைத்திருந்தாள். அஸ்மத் பீவி அதுகூடச் சொல்வதில்லை. “அவுக ஏதோ கிளப்புல இருக்காக” என்பாள். கிளப் என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று அலாவுதீனுக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு.

அலாவுதீன் அந்த வேலைக்கு வந்த வழியும் பித்தளைதான். ஜித்தாவில் ஷரஃபியாவில் ஒரு பாத்திரக்கடையில் பல வருஷம் நின்றவர். கடைக்கு வருகிற பெண்கள் குடத்தை முட்டியால் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். தட்டித் தட்டிக் காட்டியே அவருக்குக் காது பழகிவிட்டது. முதலாளி கடையை மூடிவிட்டு ஊரோடு போய்ச் சேர்ந்தபோது, தெரிந்தவர் ஒருவர் மூலமாக அல் அய்னுக்கு வந்தார். பட்டறையில் முதல் நாளே ஒரு கைப்பிடி கேஸை உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணு விரிஞ்சிருக்கு” என்றாராம். கழுத்தில் மயிரிழை போல வெடிப்பு விட்ட கேஸ் மற்றவற்றோடு சேர்ந்து கிணுகிணுக்காது, டொக்கென்று தனியே விழும். இதை அவரே பெருமையாகச் சொல்லுவார். சொன்ன கையோடு அடுத்ததையும் சொல்லுவார். அதே வாரத்தில், கடையில் பாத்திரம் பளபளக்கச் செய்கிற வழக்கத்தில், ஒரு பெட்டி கேஸைக் கெட்டியான புளித்தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு விடுமுறைக்கு ரூமுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் அத்தனையும் ரோஜா நிறம். புளி பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்று செம்பை மட்டும் மேலே நிறுத்தியிருக்கிறது. கேஸுக்குச் சொந்தக்காரரான ராஷித் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாராம். “இதென்ன, யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டாராம்.

ராஷித் உள்ளூர் அரபி. கடலோரக் காவலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளப்பின் நிர்வாகக் குழுவில் இருந்தார், போட்டிக்கும் போவார். பேச்சு குறைவு. பேசினால் பாதி இந்தி, பாதி அரபி. எல்லாரும் அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்றார்கள். ரோஜாப் பெட்டிக்குப் பிறகும் தன் கேஸை அலாவுதீனிடமே கொடுத்தார். அதற்குப் பிறகு புளி தொட்டுத் தேய்த்து உடனே அலசுவதுதான் வழக்கம். நிமிஷக்கணக்கு வேண்டாம், கையில் புளி வாசம் ஏறுகிறதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பார் அலாவுதீன்.

பொன்னுச்சாமி அங்கே வந்தது அதற்கு நெடுநாள் கழித்து. அலாவுதீனுக்கு இரண்டு வயது மூத்தவர். பரமக்குடியில் பி.ஏ. வரலாறு படித்தவர். வரலாறு அவரை அபுதாபி முசஃப்பாவில் ஒரு கட்டட சைட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. சாரத்தில் பலகை அடிக்கிற வேலை. ஆகஸ்டு மாத வெயிலில் ஒருமுறை மேல்தளத்தில் கண் இருட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். கீழே இறங்கி வந்தவருக்கு ஃபோர்மேன் தண்ணீர் கொடுத்துவிட்டு “யல்லா, மேல போ” என்றான். அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது கேம்ப்பில் எல்லாரும் அழுதார்கள். பொன்னுச்சாமிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கிளப்பில் ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். பட்டறை உதவிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விசா ஒட்டவில்லை. கொஞ்ச நாள் வேலையைப் பார்த்துவிட்டு ஒட்டுவோம் என்றார் மேனேஜர். பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் மகள் ராதிகா அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். இங்கேயே இன்னொரு சைட் பார்த்துக்கொள்ளலாம் என்றால், சாரத்தை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்தது. அந்தப் பட்டறையில் அவருக்கு வேலை நிலைக்கவேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அலாவுதீன் அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “அண்ணே, உங்களுக்குக் கோவம் வருமா?”

“ஏன் பாய்?”

“கோவம் வந்தா கை அழுத்தும். கை அழுத்தினா பித்தளை கூடுதலாச் சீவும்.”

பொன்னுச்சாமி சிரித்தார். அலாவுதீன் சிரிக்கவில்லை. அவருடைய பட்டறையில் இருந்த ஒரே சட்டம் அதிலிருந்து வந்ததுதான். ஒரு பெட்டியைத் தொடங்கின கைதான் அதை முடிக்க வேண்டும். கேஸின் வாயை நீளத்துக்குச் சீவினதும் உள்ளும் வெளியும் பிசிறு நிற்கும். அதை எடுக்க உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்று. ஒரு முனை உள்வாய்க்கு, மறுமுனை வெளிவாய்க்கு. எத்தனை சுற்று, எவ்வளவு அழுத்தம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். யார் கை நல்ல கை, யார் கை மோசம் என்பது இல்லை. இரண்டு கை பட்டால் பெட்டிக்குள் இரண்டு ஜாதி கேஸ் ஆகிவிடும். அதனால் அலாவுதீனுக்குக் காய்ச்சல் என்றால் ராஷித்தின் பெட்டியும் மூடிக் கிடக்கும். பொன்னுச்சாமி கழுவலாம், காயவைக்கலாம், பெருக்கலாம், தன் பழக்கத்துக்கென்று கொடுத்த தனிப்பெட்டியில் சீவிப் பார்க்கலாம். வேறு பெட்டியில் கருவியை வைக்கக் கூடாது.

இன்னொன்றும் பொன்னுச்சாமி தினமும் பார்த்தார். கேஸ் பலமுறை சுட்டால் கழுத்து விறைத்து வெடித்துவிடும். அதனால் கழுத்துக்கு மட்டும் சூடு காட்டுவார்கள். அலாவுதீன் கேஸ்களை ஒரு தட்டில் நிறுத்தி, அடிப்பாகம் முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, எரிவாயு விளக்கால் கழுத்தைச் சூடாக்கி, நிறம் லேசாக மாறியதும் தண்ணீரில் சாய்த்துவிடுவார். சுருக்கென்று ஒரு சத்தம் வரும். பொன்னுச்சாமிக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. சூடு காட்டினால் பித்தளைக்கு நல்லது என்று அவராக ஒரு பாடம் படித்துக்கொண்டார். தண்ணீர் எதற்கு என்று கேட்கவில்லை. மேசை கருகாமல் இருக்க என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த பிப்ரவரியில் ஓமானில் போட்டி. ராஷித்தின் பெட்டி தயார். ஒரே முத்திரையிட்ட, அவர் துப்பாக்கியில் மட்டுமே சுட்ட கேஸ்கள். அலாவுதீன் சீசன் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செய்தவை. எண்ணெய்ப் பிசுக்குப் போக ஒருமுறை கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் மருந்து அறைக்குப் போய்விடும். மாலையில் ராஷித் வருகிறார். அன்று வெள்ளிக்கிழமை. கேஸைக் கழுவி வைத்துவிட்டு, “காயவச்சிருங்கண்ணே, தொழுதுட்டு வந்துர்றேன்” என்று அலாவுதீன் ஜும்மாவுக்குக் கிளம்பினார்.

வழக்கமாக மொட்டைமாடியில் பழைய கைலியை விரித்து அதில் பரப்புவார்கள். அல் அய்ன் வெயில் அரைமணியில் காயவைத்துவிடும். அன்றைக்கென்று பார்த்து மழை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும் மழை. கிளப்பின் வாசலில் அரபிப் பிள்ளைகள் கார் கண்ணாடியை இறக்கி மழைக்குள் கையை நீட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். பொன்னுச்சாமி கைலியைச் சுருட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். துணியால் துடைத்துப் பார்த்தார். உட்புறம் ஈரம் போகவில்லை. மருந்துக்கு ஈரம் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். மாலைக்குள் காயவேண்டும். காயாவிட்டால் முதல் பொறுப்பையே சொதப்பினவன் என்று பெயராகிவிடும்.

கிளப்பின் காபி ஷாப்பில் பீட்சா அடுப்பு ஒன்று இருந்தது. அதற்கு ஜாபர் சாதிக் பொறுப்பு. அதிராம்பட்டினத்துக்காரர்.

“தம்பி, இதக் கொஞ்சம் உள்ள வச்சு எடுத்துக்கிறட்டா?” என்று பொன்னுச்சாமி தட்டை நீட்டினார்.

ஜாபர் சாதிக் எட்டிப் பார்த்தார். “மேல சீஸ் போடவாண்ணே?”

“அட வெளையாடாத தம்பி. ஈரம் போகணும்.”

“நல்ல சூட்டுல இருக்கு. கருகிப் போச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது.”

“மாவா கருகுறதுக்கு? பித்தள.”

தட்டு உள்ளே போனது. வெளியே வந்தபோது கேஸ்கள் சுத்தமாகக் காய்ந்திருந்தன. தங்கம் போல இருந்தன. அடியில் மட்டும் மயில் கழுத்து நிறத்தில் நீலம் ஓடியிருந்தது. அழகாகத்தான் இருந்தது. பொன்னுச்சாமி அவற்றைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, மழையிலும் காயவைத்துவிட்ட திருப்தியோடு அலாவுதீன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலாவுதீன் நனைந்த தொப்பியை உதறிக்கொண்டே உள்ளே வந்து பெட்டியைத் திறந்தார். ஒன்றை எடுத்து அடியைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எங்க வச்சுக் காயவச்சீக?”

பொன்னுச்சாமி சொன்னார். சொல்லும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்து கடைசி வார்த்தை தேய்ந்துவிட்டது.

அலாவுதீன் மேசையில் கிடந்த பழைய கேஸ் ஒன்றின் அடியைக் குறட்டில் வைத்து அழுத்தினார். அசையவில்லை. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அதே மாதிரி அழுத்தினார். தகர டப்பா மாதிரி உள்ளே போனது.

“கழுத்து இளகி இருக்கணும், அடி கெட்டியா இருக்கணும். அடிக்குச் சூடு ஏறக் கூடாதுன்னுதான் தண்ணியில நிறுத்துறது” என்றார். “அடி இளகிருச்சுன்னா வெடிக்கிறப்போ தாங்காது. நெருப்பு பின்னாடி வரும். அர்பாப் மூஞ்சிக்கு வரும்.”

“எல்லாமேவா பாய்?”

“எல்லாந்தான்.”

“பாத்தா நல்லாத்தான இருக்கு. நீலத்தத் தேய்ச்சு எடுத்துறலாமே.” சொல்லிவிட்டு பொன்னுச்சாமியே தலையைக் குனிந்துகொண்டார்.

அலாவுதீன் கோபப்படவில்லை. சுத்தியலை எடுத்தார். இரும்புக் கட்டையின் மேல் ஒரு கேஸைப் படுக்கவைத்து அடித்தார். நசுங்கியது. அடுத்ததை எடுத்தார்.

“பாய், கொஞ்சம் பொறுங்க. ராஷித் வரட்டும். கேட்டுக்கிட்டு…”

“இது நல்லாருக்குற மாதிரி இருக்கு பாருங்க, அதான் அண்ணே ஆபத்து. சாயங்காலம் வரைக்கும் இது முழுசா இருந்துச்சுன்னா எனக்கே மனசு மாறிரும். அத்தன நாளு ஒழச்சிருக்கேன்ல.” அவர் அடித்துக்கொண்டே பேசினார். “நீங்களும் ஒரு சுத்தியல எடுங்க. ஒரு பெட்டிக்கு ஒரே கைங்குறது செய்யிறதுக்குத்தான். ஒடைக்கிறதுக்கு இல்ல.”

இரண்டு பேரும் உட்கார்ந்து அடித்தார்கள். வெளியே மழை. சீசன் முழுவதும் அலாவுதீன் செய்த வேலை ஒரு பிளாஸ்டிக் வாளியில் தகடாக விழுந்துகொண்டிருந்தது. பொன்னுச்சாமிக்கு மனசு முழுக்கச் சாரம்தான் ஓடியது. சாரமும் ஆகஸ்டு வெயிலும் “மேல போ” என்ற குரலும்.

“பாய்,” என்றார். “மழையில கெட்டுப்போச்சுன்னு சொல்லிறலாமா?”

“மழ என்ன பாவம் செஞ்சுச்சு?” என்றார் அலாவுதீன்.

ராஷித் வந்தார். மேனேஜரும் கூட வந்தார். அலாவுதீன் எழுந்து நின்று, வாளியை நடுவில் வைத்து, ஜித்தாவில் கற்ற இந்தியில் சொல்ல ஆரம்பித்தார். சுடும் ரேஞ்சின் வெடிச் சத்தத்தில் காது மந்தமானதால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. பட்டறை முழுக்கக் கேட்டது. பொன்னுச்சாமிக்கு இந்தி அரைகுறை. தன் பெயர் ஒரு தடவை காதில் விழுந்தது. பிறகு “பீட்சா” என்று விழுந்தது. முடிந்தது கதை என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“பீட்சா?” என்றார் ராஷித்.

“பீட்சா அடுப்பு, அர்பாப்.”

மேனேஜர் பொன்னுச்சாமியைப் பார்த்துக் கையை வாசல் பக்கம் ஆட்டினார். ராஷித் அவரை நிறுத்திவிட்டு அலாவுதீனிடம், “உனக்கு வேற ஆள் வேணுமா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி மட்டும் பொன்னுச்சாமிக்குத் தெளிவாகப் புரிந்தது.

“வேண்டாம் அர்பாப்” என்றார் அலாவுதீன். “தப்பு இவரு செஞ்சதுதான். ஆனா தண்ணி எதுக்குன்னு நான் இவருக்குச் சொல்லல, அது என் பங்கு. இந்த ஆளப் பழக்க ஒரு பெட்டி செலவாயிருச்சு. புது ஆளக் கொண்டாந்தா இன்னொரு பெட்டி செலவாகும்.”

ராஷித் வாளிக்குள் கைவிட்டு ஒரு தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தன் கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு தகட்டை வாளியிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ராஷித் போட்டிக்குக் கடந்த வருஷத்துப் பழைய கேஸ்களை, ஒன்றோடொன்று சேராதவற்றை, எடுத்துக்கொண்டு போனார். அவர் ஓமானில் இருந்த நாட்களில் பொன்னுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. “தின்னுங்கண்ணே, பட்டினியா ஊருக்குப் போனா சரோஜா அக்கா என்னையல்ல வைவாக” என்று அலாவுதீன் தட்டில் மீனை எடுத்து வைத்தார். ராஷித் தோற்றுவிட்டுத்தான் வந்தார். வந்த அன்று பட்டறைக் கதவைத் திறந்து, கையிலிருந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பொன்னுச்சாமி முன்னால் வைத்தார். பீட்சா. “அடுப்பில் வைக்கிறது இது மட்டும்” என்றார். அடுத்த வாரம் மேனேஜர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய் விசா ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பின் வந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பொன்னுச்சாமிக்கு நன்றியெல்லாம் அந்த ஒன்றுமில்லாததன் மேல்தான். யாராவது ஒரு பொய்யைச் சொல்லி அவரைக் காப்பாற்றியிருந்தால், அந்தப் பொய்யோடு அவர் அங்கே ஒண்டிக் கிடந்திருப்பார். எப்போது தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அவர் செய்தது கிளப் முழுக்கத் தெரியும். ஜாபர் சாதிக் அவரைப் பார்க்கும்போதெல்லாம் “அண்ணே, அடுப்பு ஃப்ரீயாத்தான் இருக்கு” என்பார். வானம் கொஞ்சம் மூடினால் அலாவுதீன், “இன்னைக்கு மெனு என்னண்ணே?” என்பார். பொன்னுச்சாமியும் சிரிப்பார். எல்லாருக்கும் தெரிந்த தப்போடு ஒரு மனுஷன் எவ்வளவு லேசாக இருக்க முடியும் என்பது அவருக்கே வியப்பாக இருந்தது. நசுங்கிய கேஸ் ஒன்றை அலாவுதீன் மேசைக்கு மேலே ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். புதிதாக யார் வந்தாலும் “இது என்ன?” என்று கேட்பார்கள். பொன்னுச்சாமிதான் எழுந்து சொல்லுவார். தண்ணீர் எதற்கு என்பதில் ஆரம்பித்துச் சொல்லுவார்.

ரூமில் அலாவுதீனின் வெள்ளிக்கிழமைப் போன் எல்லாருக்கும் பொது. அவர் கத்திப் பேசுவதால் தொண்டியில் அன்றைக்கு என்ன குழம்பு, மகள் மாஹிரா எந்தப் பாடத்தில் மார்க்குக் குறைவாக வாங்கினாள், அஸ்மத் பீவிக்கு முழங்கால் எப்படி என்பதெல்லாம் பக்கத்து ரூம் மலையாளிக்கும் தெரியும். “மெதுவாப் பேசுங்க பாய்” என்றால், “நான் ரகசியமாத்தானே பேசினேன்” என்பார். ராதிகா நர்சிங் முடித்து வேலையில் சேர்ந்த செய்தி வந்த அன்று பொன்னுச்சாமியைவிட அவர்தான் அதிகம் பேருக்குச் சொன்னார்.

இந்தத் தடவை லீவில் போகும்போது ராஷித்தின் பெட்டி முடியவில்லை. முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் கடைசி நாள்கூட உட்கார்ந்திருந்தார். ஏர்போர்ட் வண்டி வந்து ஹார்ன் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை. பொன்னுச்சாமி தோளைத் தொட்டுச் சொன்னார். அவர் கருவியைக் கீழே வைத்து, மூடியைச் சாத்தி, “தொட்டுறாதீகண்ணே. வந்து முடிச்சுர்றேன்” என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

சுஐபு போன் செய்த அன்று ராஷித் பதினொரு மணி சுமாருக்குப் பட்டறைக்கு வந்தார். பொன்னுச்சாமி புளிச்சட்டியை அப்படியே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பொன்னுச்சாமி சொன்னார். இப்போது அவருக்கு இந்தி நன்றாக வரும். ஆனாலும் வார்த்தை முன்பின்னாக வந்தது.

ராஷித் இறந்தவருக்குச் சொல்ல வேண்டியதை அரபியில் தாழ்ந்த குரலில் சொன்னார். அலாவுதீனின் ஸ்டூலைப் பார்த்தார், அதில் உட்காரவில்லை. அலமாரியிலிருந்து தன் பெட்டியைத் தானே எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார்.

“முடிச்சிட்டானா?”

“இல்ல அர்பாப். கொஞ்சம் நிக்குது.”

“நீ முடிச்சிரு.”

பொன்னுச்சாமி கருவியைப் பார்த்தார். நாலைந்து வருஷமாகத் தன் பெட்டிகளில் அவர் இதே வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். கை பழகிவிட்டது. செய்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது, ஒருவேளை முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் அட்டையைத் தவிர.

“ஒரு பெட்டிக்கு ஒரே கை, அர்பாப்” என்றார்.

ராஷித் தலையை ஆட்டினார். பிறகு மூடியைச் சாத்தி, “சரி. எனக்குப் புதுசா ஒரு பெட்டி ஆரம்பி. உன் கையால” என்றார்.

பொன்னுச்சாமிக்கு அப்போதுதான் சுஐபு கேட்டது நினைவு வந்தது. செஞ்சு தாறேன்னு வாக்குக் குடுத்துட்டுச் செய்யாம விட்டது. அவர் அதை ராஷித்திடம் சொன்னார். வீட்டில் கேட்கிறார்கள், லுஹருக்குள் சொல்ல வேண்டும், இந்தப் பெட்டியைத்தான் அவர் முடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார் என்று.

ராஷித் அவரை நிமிர்ந்து பார்த்தார். “போன் போடு” என்றார்.

தொண்டி வீட்டின் ஆள் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பெஞ்சு இழுக்கிற சத்தம், யாரோ தண்ணீர் கேட்கிற சத்தம். “சுஐபு தம்பி, ஒரு பாக்கி இருக்கு” என்றார் பொன்னுச்சாமி. “அதுக்குச் சொந்தக்காரரு இங்கதான் இருக்காரு. அவரே சொல்றாரு, கேட்டுக்க.”

ராஷித் போனருகே குனிந்து அரபியில் இரண்டு வாக்கியம் சொன்னார். சுஐபுவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பொன்னுச்சாமி தமிழில் சொன்னார்: “அவர் பக்கம் எதுவும் பாக்கி இல்லையாம். இருந்தாலும் மனசார விட்டுட்டாராம்.” பின்னாலிருந்து, “யாருடா, பொன்னுச்சாமி அண்ணனா?” என்று ஒரு பெண்குரல் கேட்டது. அஸ்மத் பீவி போனை வாங்கினாள்.

“அண்ணே, அவுக ஒங்களுக்கு எதும் பாக்கியா?”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்கு எல்லாம் குடுத்துட்டாரு.”

“அல்லா ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் போனைத் தம்பியிடம் கொடுத்தாள்.

ராஷித் போன பிறகு பொன்னுச்சாமி புளியை வடித்தார். அன்றைக்குக் கழுவ வேண்டியதைக் கழுவி மாடியில் கைலியை விரித்துக் காயவைத்தார். வெயில் நன்றாக இருந்தது. இறங்கி வந்து ராஷித்துக்கு என்று புதுப் பெட்டி ஒன்றை எடுத்து, முதல் கேஸை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலையைத் தொடங்கினார்.

பழைய பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதில் கடைசி இரண்டு வரிசைக்கு உள்வாய்ப் பிசிறு எடுத்தாயிற்று. வெளிவாய் எடுக்கவில்லை.